படலம் நீங்கிய கண்

நமது சமயநூல்களிலே ஆணவமலத்துக்கு எடுத்துக்காட்டாக வழங்குவன பல. செம்பிற் களிம்பு, நெல்லின் உமி என்பன எல்லாரும் அறிந்தவை. கண்ணிற் படலம் என்பதும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணப்படும் ஓர் உவமை. மலம் என்பது வெறும் அறியாமையன்று, உயிரின் அறிவை மறைத்து நிற்பதொரு பொருள் என்பது சைவாகமங்களின் துணிபு. கயிற்றைப் பாம்பென்று மயங்கினவனுக்கு, இது கயிறு என்று ஒருவன் சொல்லிய அளவிலே மயக்கம் தீர்ந்துபோம். கண்ணிலே படலம் படர்ந்தவனுக்கோ, இது படலம் என்று நூறுமுறை சொல்லினும் பார்வை வாராது. வைத்தியன் கருவியைக் கையிலெடுத்துத் தொழில்செய்து அதனை நீக்குதல் வேண்டும். அதுபோலவே, மலமும் அறிந்த மாத்திரையால் நீங்குவதன்று. முதல்வன் குருவடிவாய் எழுந்தருளிவந்து செய்யும் தீக்கையென்னும் செயலால் நீங்குவது என்பர் பெரியோர்.

இவ்வுவமையைப் படிக்கும்போதும் படிப்பிக்கும்போதும் நாம் இவ்வளவில் நின்றுவிடுகின்றோம். இதற்கு அப்பால் ஒரு வினா உண்டு. படலம் நீங்கிய அக்கணத்திலே காட்சி தானாகவே உண்டாகிவிடுமா? வைத்தியன் கட்டை அவிழ்த்தவுடன் நோயாளி உலகத்தைக் கண்டுவிடுகின்றானா? காணாவிடின், அதன் குற்றம் யாருடையது?

இவ்வினா வைத்தியர்க்கும் தத்துவநூலார்க்கும் மாத்திரம் உரியதென்று ஆசிரியர்கள் எண்ணுதல் ஆகாது. நாம் கரும்பலகையிலே ஒன்றை எழுதிக் காட்டுகின்றோம். மாணாக்கர் பலர் கண்டுகொள்கின்றனர். ஒருவன் மாத்திரம் விழித்துக்கொண்டு நிற்கின்றான். "இவ்வளவு தெளிவாகக் காட்டியும் தெரியவில்லையா? உனக்குக் கண் இல்லையா?" என்கின்றோம். அவன் தலைகுனிகின்றான். கண் இருந்தும் காணாதவனைக் கடிதல் நீதியா என்பதே இங்கே ஆராயப்படுவது. அதற்கு, பிறவியிலே கண்ணிழந்து பின்னர்ச் சத்திரசிகிச்சையினாற் கண்பெற்ற சிலருடைய அனுபவத்தை முதலிலே நோக்குவோம்.

கண்ணின் கருமணிக்குப் பின்னே பளிங்குபோலத் தெளிந்த ஒரு வில்லை இருக்கின்றது. புறத்தேயிருந்து வரும் ஒளியைக் குவித்துக் கண்ணின் பின்சுவரிலே விழச்செய்வது அதன் தொழில். மூப்பினாலாயினும், நீரிழிவினாலாயினும், காயத்தினாலாயினும், பிறவியிலேயாயினும் அவ்வில்லை பால்போல மங்கிவிடுதலே கட்படலம் எனவும் கண்புரை எனவும் சொல்லப்படுகின்றது. இதற்குரிய சத்திரமுறை மிகப் பழையது. சுசுருதசங்கிதை சலாகையென்னும் கூரிய கருவியினாலே அதனைத் தீர்க்கும் விதத்தைச் சொல்லுகின்றது. மங்கிய வில்லையை ஒளி செல்லும் வழியினின்றும் ஒதுக்கிக் கீழே தள்ளிவிடும் அவ்வகைச் சிகிச்சையே நெடுங்காலம் பல தேசங்களிலும் வழங்கிற்று. வில்லை அகன்றபின் தடித்த கண்ணாடி அணிந்தே நோயாளர் பார்த்தனர். 1949ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, இலண்டன் சென் தோமசு வைத்தியசாலையில், ஹரல்ட் றிட்லி என்னும் வைத்தியர் மங்கிய வில்லை இருந்த இடத்திலே செயற்கை வில்லையொன்றை வைத்தார். யுத்தகாலத்திலே ஆகாயவிமானிகளின் கண்ணுட் புகுந்த ஒருவகைச் செயற்கைக் கண்ணாடியின் துண்டுகள் அவ்விடத்தே தீங்கு செய்யாது கிடந்ததைக் கண்டு அவர் இவ்வழியைத் துணிந்தனர். இன்று கண்ணை மருந்தினால் மரக்கச்செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே, சிறியதொரு கீறல் வழியாக இவையெல்லாம் சிறிது நேரத்திற் செய்து முடிக்கப்படுகின்றன.

அவ்வாறு சிகிச்சை பெற்ற முதியவர்கள் கட்டவிழ்த்தவுடன் பேரப்பிள்ளையின் முகத்தைக் கண்டு மகிழ்கின்றார்கள். நீலம் இத்துணை நீலமாக இருந்ததை மறந்துபோனோமே என்று வியக்கின்றார்கள். ஆதலால், படலம் நீங்கினாற் காட்சி தானே வரும் என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் அம்முதியவர்கள் அறுபது எழுபது ஆண்டு கண்டு பழகினவர்கள். காணும் வித்தையை அவர்கள் முன்னரே கற்றுவைத்திருக்கின்றார்கள். இடையிலே திரை விழுந்தது, திரை நீங்கிற்று. ஒருநாளும் கண்டறியாதவனுடைய நிலை யாது?

அயர்லாந்து தேசத்துத் டப்ளின் நகரத்திலிருந்த வில்லியம் மொலினூ என்னும் அறிஞர் இதனையே வினாவினார். அவருடைய மனைவியார் விவாகமாகிச் சின்னாளிலே பார்வையை இழந்தவர். அவர் 1688ஆம் ஆண்டிலே ஆங்கிலத் தத்துவஞானியாகிய யோன் லொக்கை நோக்கி விடுத்த வினாவின் கருத்து இது: பிறவிக்குருடன் ஒருவன் உருண்டையையும் சதுரக்கட்டியையும் கையினாற் றடவி வேறுபாடறியப் பழகியிருக்கின்றான். அவனுக்குப் பார்வை வந்துவிடுகின்றது. இரண்டையும் மேசையின்மேல் வைத்தால், தொடாமல், கண்ணினால் மாத்திரம் பார்த்து, இஃது உருண்டை, இது கட்டி என்று சொல்ல வல்லனா? வல்லனல்லன் என்பதே மொலினூவின் கருத்து. லொக்கும் அதற்கு உடன்பட்டு, 1694ஆம் ஆண்டிலே வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில் அவ்வினாவைச் சேர்த்தார். யுக்தியினால் ஆராய்ந்து கண்டுகொள்ளக்கூடும் என்று லைப்நிற்சு என்பவர் மறுத்தார். சொற்போர் நீண்டது. விடை ஒரு சிறுவனிடத்திலிருந்து வந்தது.

1728ஆம் ஆண்டிலே வில்லியம் செசெல்டன் என்னும் இலண்டன் சத்திரவைத்தியர், தாம் சிகிச்சைசெய்த ஒரு சிறுவனுடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். அவன் பிறவியிலேயே பார்வையிழந்தவன்; அல்லது, கண்டதாக நினைவே இல்லாத இளம்பருவத்தில் இழந்தவன். பகலையும் இரவையும் அறிவான். மிக்க ஒளியிலே கருமை, வெண்மை, செம்மை என்னும் நிறங்களை ஒருவாறு அறிவான். உருவம் ஒன்றும் அறியான். பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதிலே அவனுக்குப் படலம் ஒதுக்கப்பட்டது. சிகிச்சைக்கு முன் அவன் அதனைப் பெரிதும் விரும்பினவனல்லன். எழுதவும் வாசிக்கவும் உதவும் என்பதன்றி அதனாலே தனக்குப் பெரும்பயன் இல்லையென்றும், இருளிலே கண்ணுள்ளவர்களிலும் தான் நன்றாக நடமாடக்கூடுமென்றும் கருதியிருந்தான். குறையுடையவன் தன் குறையைக் குறையென்று அறியாதிருத்தல் எத்துணை இயல்பு என்பதை இங்கே குறித்துக்கொள்க.

கட்டு அவிழ்ந்தது. அவன் என்ன கண்டான்? யாவும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்பதாகவே கண்டான். தொடப்படும் பொருள் தோலைத் தொடுவதுபோல என்றான். தூரம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எந்தப் பொருளின் வடிவமும் அறியக்கூடவில்லை. உருவத்தாலும் அளவாலும் எவ்வளவு வேறுபட்டனவாயினும் ஒன்றை மற்றொன்றினின்றும் பிரித்தறிய மாட்டானாயினான். இன்னது இன்னதென்று சொல்லிக் கொடுத்தால், கையினால் முன்னறிந்தவற்றை அப்போது உற்றுநோக்கிக் கொள்வான், பின்னர் மறந்துபோவான். அறை வீட்டின் ஒரு பகுதியென்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் அறையிலும் வீடு பெரிதாகத் தோன்றுதல் எவ்வாறென்று அவனால் நினைக்க முடியவில்லை. படங்களைக் கண்டபோது நிறம்பூசிய பலகைகளென்றே கொண்டான். இரண்டு மாதத்தின் பின்னரே அவை திரண்ட பொருள்களைக் குறிப்பன என்று திடீரென அறிந்தான். அறிந்தவுடன் தொட்டுப் பார்த்து, அவை தட்டையாயிருக்கக் கண்டு, தன்னை ஏமாற்றுவது கண்ணோ கையோ என்று கேட்டான்.

அவன் வரலாற்றில் ஒரு செய்தி ஆசிரியராயினார் யாவரும் மனத்திற் கொள்ளத்தக்கது. வீட்டிலே பூனையும் நாயும் இருந்தன. எது பூனை, எது நாய் என்று அவன் பலமுறை கேட்டு, பலமுறை மறந்தான். பின்னும் கேட்பதற்கு அவனுக்கு வெட்கமாயிற்று. ஆகவே, ஒருநாள் பூனையைப் பிடித்து, தடவி, இது பூனையென்று கையினாலே நிச்சயித்துக்கொண்டு, அதனை இமையாது பார்த்தான். பார்த்துக் கீழே விட்டு, இனி உன்னை அறிவேன் என்னும் பொருள்பட அதனோடு பேசினான். காட்டிக் கொடுத்தவர் பலர் இருந்தும், மீண்டும் வினாவ வெட்கினமையினாலே, அவன் தனியே ஒரு வழி தேடிக்கொண்டான். கையிலே பிடிக்கத்தக்க பூனையாயிருந்தமையின் வழி கிடைத்தது. பிடிக்கக்கூடாத பொருளாயின் அவன் என் செய்வான்?

மற்றொன்றும் உண்டு. தான் மிக அன்புவைத்தவர்களே கண்ணுக்கும் மிக அழகாகத் தோன்றுவர் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவ்வாறு தோன்றாமையினால் மனம் வருந்தினான். கண் காட்டுவது வேறு, உயிர் கண்டுவைத்திருப்பது வேறு என்பதை இளமையிலே துன்பத்தோடு கற்றான். எனினும் அவன் தளரவில்லை. புதிய பொருள் ஒவ்வொன்றும் அவனுக்குப் புதிய மகிழ்ச்சியாயிற்று. ஓராண்டின் பின் எப்சம் என்னும் ஊரின் மேட்டுநிலத்துக்கு அவனைக் கொண்டுபோய், பரந்த வெளியைக் காட்டினார்கள். அவன் பேருவகை எய்தி, இது புதுவகையான காட்சி என்றான். தனக்குச் சிகிச்சைசெய்த வைத்தியரைக் காணுந்தோறும் நெடுநாள்வரை ஆனந்தக்கண்ணீர் சொரிந்தான். வருவாரென்று எதிர்பார்த்த வேளையில் அவர் வாராதொழியின் துக்கத்தாலும் அழுதான்.

ஒரு சிறுவனுடைய வரலாற்றைக்கொண்டு பொதுவிதி கூறலாமா என்று ஐயுறுவோர் இருத்தல்கூடும். 2011ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அவ்வையத்தை நீக்கும். பவன் சின்கா என்பவரும் அவரோடு கூடினவர்களும் இந்தியாவிலே பிறவிப் பார்வையின்மையினால் வருந்தும் ஏழைப்பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்வித்து, அவர்கள் காணக் கற்கும் முறையையும் ஆராய்ந்து வருகின்றனர். எட்டு முதற் பதினேழு வயது வரையுள்ள ஐவரை, சிகிச்சை முடிந்த சின்னேரத்துக்குள், மொலினூவின் வினாவைக்கொண்டு சோதித்தார்கள். கண்ணாற் கண்ட துண்டைப் பின்னும் கண்ணாலேயே தெரிந்தெடுத்தார்கள். கையாற் றடவியதைக் கையாலே தெரிந்தெடுத்தார்கள். கையாற் றடவியதைக் கண்ணாலே தெரிந்தெடுக்குமாறு ஏவியபோதோ, குருட்டாம்போக்கிலே சொல்லுவதற்குச் சிறிதே மேற்பட்டது அவர்கள் விடை. ஆகவே மொலினூவின் வினாவுக்கு விடை, இல்லை என்பதேயாயிற்று. ஆயினும், சில நாள் செல்ல அவர்களிற் சோதிக்கப்பட்டவர்கள் அதனையும் செய்யத் தொடங்கினார்கள். தொடக்கத்திலே இல்லை, பழகினால் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தே கொள்ளுதல் வேண்டும்.

இனி, இதற்கு மாறான ஒரு வரலாறு. பத்துமாதக் குழந்தையாயிருக்கும்போதே பார்வையை இழந்த ஆங்கிலேயர் ஒருவர், ஐம்பத்திரண்டாம் வயதிலே, 1958ஆம் ஆண்டின் இறுதியிலும் 1959ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இரண்டு கண்ணுக்கும் சிகிச்சை பெற்றார். அவருக்கு மங்கியிருந்தது வில்லையன்று, கண்ணின் முன்புறத்துத் தெளிந்த தோல். இறந்தோர் கண்ணினின்றும் எடுத்த தோலை ஒட்டவைத்தனர். றிச்சட் கிறெகரி என்னும் உளநூலறிஞரும் அவர் துணைவரும் அவரை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டிலே நூல் வெளியிட்டனர். கட்டவிழ்த்தபோது ஒரு குரல் கேட்டு அவர் திரும்பினார். தெளிவில்லாத ஏதோ ஒன்று தோன்றிற்று. குரல் வருவது முகத்தினின்றாகலின் இது முகமாதல் வேண்டும் என்று அனுமானத்தினால் அறிந்தார். சுவரிலிருந்த பெரிய மணிக்கூட்டைப் பார்த்து உடனே நேரஞ் சொன்னார், என்னை? கண்ணாடியில்லாத கைக்கடிகாரத்தின் முள்ளைத் தடவி நேரமறிந்து பழகினவர் அவர். ஆங்கிலப் பெரிய எழுத்துக்களைப் பார்வையற்றோர் பாடசாலையிலே தடவிக் கற்றிருந்தமையால் அவற்றைக் கண்ணாலும் வாசித்தார். சிறிய எழுத்துக்களைத் தடவிக் கல்லாமையால் அவற்றை வாசிக்க மாட்டாராயினார். இயந்திரங்களிலே பெருவிருப்புடைய அவரைப் பொருட்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோய்க் கடைச்சற்பொறியொன்றின் முன் நிறுத்தினர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது அவருக்கு அது விளங்கவில்லை. பெட்டியைத் திறந்துவிட, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதனை ஆவலோடு முழுவதும் தடவினார். பின்னர் விலகிநின்று கண்ணைத் திறந்து, தொட்டபடியால் இனிக் காணக்கூடும் என்றார்.

ஆனால் அவருடைய முடிவு இன்பமானதன்று. பார்வையில்லாத காலத்திலே தைரியமாகத் தெருவைக் கடந்தவர், பார்வை வந்தபின் வண்டிகளைக் கண்டு நடுங்கினார். தாம் நினைத்திருந்த உலகம் அழகியது. கண்ட உலகமோ நிறம் மங்கி, சுண்ணம் உரிந்து தோன்றிற்று. கண்ணில்லாதவராயிருந்தபோது, இவ்வளவு செய்கின்றாரே என்று பிறரால் மதிக்கப்பட்டார். கண்வந்தபின், இவ்வளவுதானா செய்வார் என்று எண்ணப்பட்டார். மாலைவேளையிலே விளக்கேற்றாது இருளில் இருக்கத் தொடங்கினார். மனமுடைந்து, 1960ஆம் ஆண்டிலே இறந்தார். வைத்தியர் தம் தொழிலிற் குறைவைத்தாரல்லர். கண் திறந்தது. திறந்த கண்ணோடு வாழ்வதற்கு வேண்டிய துணையே போதாதாயிற்று.

இவ்வரலாறுகளினின்றும் பெறப்படுவன யாவை? படலம் நீக்கப்படாவிடின் எவ்வளவு பழக்கினும் பயனில்லை. அந்தச் சிறுவனுக்கு ஆயிரம் படங்களைப்பற்றிச் சொல்லியிருப்பினும் அவன் ஒன்றையும் கண்டிரான். ஆதலால் வைத்தியனுடைய செயல் இன்றியமையாதது. ஆனால் அச்செயல் காட்சிக்குத் தடையை நீக்கியதேயன்றிக் காட்சியைத் தந்ததன்று. ஒளி விழுந்தது, கண் ஏற்றது, எனினும் கண்டானில்லை. காண்பவன் கண்ணன்று என்பது இங்கே வெளிப்படை. கண் வாயில் மாத்திரமே. அவ்வாயிலில் நின்று காண்பது உயிர். உயிர் தனக்குரிய துணையோடு பழகி அறிந்தன்றி எதனையும் அறியாது. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது அதன் இயல்பு.

சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் இவ்விடத்திலே நமக்குத் துணைசெய்கின்றது. கண் பொருளைக் காணவேண்டுமாயின், உயிர் கண்ணுக்குக் காட்டுவதோடமையாது, அதனோடு உடனாய் நின்று தானும் காணுதல் வேண்டும். மனம் வேறொன்றிலே சென்றிருக்க, திறந்த கண்ணுக்கு நேரே சென்றவரை யாம் அறியாதிருத்தல் எல்லாருக்கும் அனுபவம். அதுபோலவே, மலம் நீங்கிய உயிருக்கு முதல்வன் சிவத்தைக் காட்டுவதுமன்றி, அவ்வுயிரோடு உடனாய் நின்று தானும் காண்கின்றான். முன்னையது காட்டும் உபகாரம். பின்னையது காணும் உபகாரம். உயிர் அவனை மறத்தலில்லாத அன்பினாலே அவன் திருவடியைச் சேரும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. மலநீக்கமே முத்தி, அதன்பின் முதல்வன் வேண்டா என்பார் கூற்று நம் சித்தாந்தத்துக்கு உடன்பாடன்று. படலம் நீங்கிய கண்ணுக்கும் உடன்நின்று காண்பான் ஒருவன் வேண்டும்.

இங்கே ஒரு தடை நிகழும். பிறவிக்குருடராகிய தண்டியடிகணாயனார் கண்பெற்ற அப்பொழுதே திருக்குளத்தைக் கண்டாரன்றோ? பழக்கம் அவருக்கு வேண்டாதுபோனதென்னை? பெரியபுராணஞ் சொல்லும் வரலாற்றை நினைத்துப் பார்க்க. திருவாரூர்க் குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து திருப்பணி செய்தவர் அவர். அக்குளத்தை அவருடைய கையும் காலும் முன்னரே அறிந்திருந்தன. அதன்மேலும், அங்கே கண்கொடுத்தவன் வைத்தியன் அல்லன். காட்டுதலையும் காணுதலையும் ஒருங்கே செய்ய வல்ல முதல்வன். ஆதலால் அவர் வரலாறு நாம் சொல்லியதற்கு மாறாகாமல், அதனை உறுதிப்படுத்துவதாகவே முடிகின்றது.

மற்றொரு தடை: கட்படலத்தின் சிகிச்சையைக்கொண்டு வீட்டுநெறியை நாட்டலாமா? நாட்டலாகாது. அச்சிறுவன் கற்ற பூனையும் நாயும் படமும் பாசஞானத்தின்பாற் பட்டவை. பதிஞானமோ கண்ணுக்கும் கருவிகளுக்கும் எட்டாதது. இவ்வனுபவங்கள் திருட்டாந்தமாவனவன்றிப் பிரமாணமாவன அல்ல. உவமையை அதன் எல்லை கடந்து இழுப்பது சித்தாந்தத்துக்கும் அநீதி, வைத்தியநூலுக்கும் அநீதி. ஆயினும் திருட்டாந்தம் நமது தொழிலின் ஒழுக்கத்தை ஆராயும் அளவுக்குப் போதியது.

ஆசிரியர்காள்! நமது தொழிலிலும் இரண்டு செயல்கள் உண்டு. ஒன்று, தடையை நீக்குதல், காட்டுதல். எழுத்தறியாமையை நீக்குகின்றோம்; சூத்திரத்தை எழுதுகின்றோம்; பதவுரை சொல்லுகின்றோம். நம்மிற் பெரும்பாலார் இதிலே குறைவுடையரல்லர். மற்றது, உடன்நின்று காணுதல். மாணாக்கன் இப்பொழுது எதனைக் காண்கின்றான், அவன் கண்ணுக்கு இது எவ்வாறு தோன்றுகின்றது என்று அவனிடத்தில் நின்று நோக்குதல். இதிலேதான் நாம் பெரிதும் தவறுகின்றோம். நமக்குத் தெளிவாயிருப்பது அவனுக்கும் தெளிவாயிருக்குமென்று கொள்கின்றோம். அறுபதாண்டு கண்டு பழகிய முதியவர், இன்றுதான் கட்டவிழ்த்த சிறுவனை நோக்கி, அதோ தெரிகின்றதே, காணவில்லையா என்று சினப்பதை இஃது ஒக்கும்.

பத்து என்னும் எண்ணை எழுதி, ஒன்றின் பக்கத்திலே சுழியமிட்டாற் பத்து என்கின்றோம். பிள்ளை காண்பது ஒரு கோடும் ஒரு வட்டமுமே. பத்து ஈர்க்கைக் கட்டி ஒரு பிடியாக அவன் கையிலே கொடுத்தபின் அதே கோடு அவனுக்குப் பத்தாகின்றது. தேசப்படத்தைச் சுவரிலே மாட்டுகின்றோம்; அவனுக்கு அது நிறம்பூசிய தாள். பாடசாலைக் கிணற்றையும் வீதியையும் கோயிலையும் அவன் தன் காலினால் அளந்து மணலிலே கீறியபின், தாளிலே கடலும் மலையும் தோன்றுகின்றன. திருமுறையைப் பண்ணோடு ஓதுவிக்கின்றோம், சொற்பிழையின்றி ஓதுகின்றான், பொருளை வினாவினால் விழிக்கின்றான். தாய் தந்தையரிடத்திலும், பிணியிலும், பசியிலும், பயத்திலும் அவன் முன்னரே தொட்டறிந்தவை சில உண்டு. அவற்றின் வழியாக அழைத்துச் சென்றாலன்றி அப்பாட்டு அவனுக்கு ஒலியாகவே நின்றுவிடும். கையறிந்த எழுத்தையே அந்த ஆங்கிலேயருடைய கண் வாசித்தது என்பதை மறவற்க.

இனி, பூனையைப் பிடித்த சிறுவனை நினைக்க. அவன் மறந்தது குற்றமன்று; புதுக்கண்ணுக்கு மறதி இயல்பு. அவன் வெட்கமே வருந்தத்தக்கது. ஒருமுறை கேட்டபோது சொல்லி, இருமுறை கேட்டபோது சிரித்து, மும்முறை கேட்டபோது முகஞ்சுளித்தார் யாரேனும் இருந்திருக்கக்கூடும். அல்லது ஒருவரும் அவ்வாறு செய்யாதிருக்கவும், தானே தன்னை இழிவாக எண்ணியிருக்கக்கூடும். எவ்வாறாயினும், கேட்க வெட்கும் மாணாக்கனை உண்டாக்கிவிட்ட வகுப்பிலே காட்டும் உபகாரமும் வீணாகிவிடும். உனக்குக் கண் இல்லையா என்னும் சொல் அவன் கண்ணைத் திறப்பதில்லை, வாயை மூடிவிடுகின்றது. ஆதலால், கண் இருந்தும் காணாதவனைக் கடிதல் நீதியா என்ற வினாவுக்கு விடை இது: காண முயலாதவனைக் கடியலாம், காண அறியாதவனைக் கடிதல் அநீதி, இவ்விருவருள் இவன் யாவன் என்று ஆராயாமற் கடிதல் ஆசிரியனுடைய குற்றம். முயலாமையுங்கூட, பலமுறை வெட்கினமையினால் வந்த சோர்வாயிருத்தல் உண்டென்பதையும் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும்.

ஆங்கிலேயருடைய முடிவு மற்றொரு கடமையை நினைப்பூட்டுகின்றது. கண்ணைத் திறந்துவிட்டவனுடைய பொறுப்பு கட்டவிழ்த்த அன்றோடு முடிவதன்று. கிராமத்துப் பிள்ளையொருவனுக்குக் கல்வியின் சுவையைக் காட்டி, மேற்படிப்புக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவன் என்ன காண்கின்றான், எதனைக் கண்டு அஞ்சுகின்றான் என்று ஒரு கடிதமேனும் எழுதி வினாவாதிருக்கின்றோம். முன்னே அவன் அறிந்திருந்த சிறு வழிகளை விட்டான். புதிய பெருவழியிலே நடக்க இன்னும் பழகவில்லை. அவன் இருளில் உட்கார்ந்திருத்தல் கூடும். சமயத்திலும் இவ்வாறே. சமயதீக்கை பெற்ற பிள்ளைக்கு அநுட்டானம் பழக்குவாரின்றி, அவன் சில மாதத்திலே அதனை விட்டுவிட, தீக்கை பெற்றும் திருந்தவில்லையே என்று பேசுகின்றோம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு படிகளைப் பெரியோர் தீக்கையின் பின்னே வைத்ததன் கருத்தை நாம் சிந்தித்ததில்லை.

இவ்வளவும் சொல்லியபின், நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஏடுதொடக்கும் நாளிலே என்ன செய்கின்றோம்? குழந்தையை மடியிலிருத்தி, தாம்பாளத்திலே அரிசியைப் பரப்பி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். எழுத்தை எழுதிவைத்து, இதோ பார் என்று சொல்வதில்லை. எழுத்து முதலிலே விரலுக்குத் தெரிகின்றது, பின்னர்க் கண்ணுக்கு. குழந்தையின் விரல் எழுதுகின்றது. ஆசிரியனுடைய கையும் அதனோடு கூட எழுதுகின்றது. அவ்வெழுத்தை எழுதினவர் இருவருள் யார் என்று பிரித்துச் சொல்லுதல் அரிது. காணும் உபகாரம் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் நம் வாழ்விலே வேறு கிடையாது. அந்த ஒருநாட் செய்கையை ஆண்டு முழுவதும், எல்லா வகுப்பிலும், எல்லாப் பாடத்திலும் மறவாது செய்வோமாயின், விழித்துக்கொண்டு நிற்கும் அப்பிள்ளையும் ஒருநாட் கண்டுகொள்வான். பரந்த வெளியைக் கண்ட சிறுவனைப்போல மகிழ்வான். அதுவரையில் அவன் பக்கத்திலே நிற்பதற்கு வேண்டிய பொறுமையை நமக்கு அருளும்படி, காட்டியும் உடன்நின்று கண்டும் உயிர்களை ஆண்டருளும் சிவபெருமானுடைய திருவடிகளைச் சிந்திப்போமாக.

திருச்சிற்றம்பலம்.